சிஞ்ஞோராவின் கோட்டும் பவுல் மாமாவின் பூதமும்

போர்கோ வெக்கியோ, பலெர்மோ
21.05.1996, இரவு

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மெசீனாவில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு றஜிதா எழுதுகிறேன். நான் சுகமாக இல்லை. கழிப்பறைக்குள் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பூட்டக்கூடிய கதவு இது ஒன்றுதான். அம்மா எழும்பிக் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்வேன். அது முழுப் பொய்யும் இல்லை.

நான் சிஞ்ஞோராவின் ரோமக் கோட்டை வெட்டிவிட்டேன்.

நீங்கள் முன்பு வீட்டுவேலை செய்த அதே சீமாட்டிதான். உங்களுக்குப் பிறகு அம்மா அங்கே போன நாள் தொடக்கம், ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கோட்டைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டி அம்மாவிடம் கொடுப்பா. மற்றச் சீமாட்டிகள் வெயில் காலத்தில் ரோமக் கோட்டைக் கடையின் குளிரறையில் வைப்பார்களாம். எங்கள் சிஞ்ஞோராவுக்குக் கடைக்காரரில் நம்பிக்கை இல்லையாம். "உன் வீட்டில் வை, றோசா. வாசலில் யாரும் கேட்டால் கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்" என்பாவாம். ஒக்டோபர் வரைக்கும் அது எங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கும். அம்மாவுக்கு அதில் பெரிய பெருமை.

இந்த முறை பெட்டி உடைந்துவிட்டதால் கறுப்புப் பையில் வந்தது. சிஞ்ஞோரா எங்களுக்குத் தரும் பழைய உடுப்புகளும் எப்போதும் கறுப்புப் பையில்தான் வரும். அந்தோனியார் திருநாளுக்குப் பவுல் மாமாவின் கலாமன்றம் ஒரு பூத நாடகம் போடுகிறது. பூதத்துக்குத் தோல் தைக்கிற வேலை எனக்கு. பழைய உடுப்பு என்றே பையைத் திறந்தேன். மண்ணிற ரோமம். கடவுளே அனுப்பியது என்று நினைத்தேன். முதுகில் இரண்டு கண் வெட்டினேன். கழுத்துப்பட்டியை வாயாக்கி, யோகட் கப்பை வெட்டிப் பல் வைத்தேன். ஒரு கையை அறுத்து வாலாக்கினேன். நன்றாகத்தான் வந்தது.

இரவு அம்மா அப்பாவிடம் சொன்னா: "சிஞ்ஞோராவின்ர கோட் வீட்டில இருக்கு, கவனம். என்ர ஒரு வருசச் சம்பளத்துக்கும் அது வராது. வாற மாதம் பெர்மெஸ்ஸோவுக்கு அவதான் வேலைக் கடிதத்தில கையெழுத்து வைக்கவேணும்."

சின்னம்மா, பூதம் பவுல் மாமா வீட்டில் இருக்கிறது. கறுப்புப் பைக்குள் பழைய திரைச்சீலைகளைத் திணித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். இது தெரிந்தால் அம்மாவின் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும், அது போனால் இத்தாலியில் இருக்கவே விடமாட்டார்கள். அந்தக் கோட்டைத் திரும்பத் தைக்க முடியுமா?

வீட்டுக்குப் பதில் போடவேண்டாம். பவுல் மாமாவின் விலாசத்துக்குப் போடுங்கள். அம்மாவுக்கு உங்கள் பெயரைக் கேட்டாலே முகம் மாறுகிறது.

உங்கள் பிள்ளை
றஜிதா

---

மெசீனா
27.05.1996

என் செல்ல றஜிக்கு,

முதலில் வாளியை விட்டு எழும்பு. இடுப்புப் பிடிக்கும்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் நெஞ்சில் கை வைத்தேன். இரண்டாம் தரம் சிரித்தேன். மூன்றாம் தரம் வாசித்துவிட்டு இந்தத் தாளை எடுத்தேன். உனக்கு ஒன்று தெரியவேண்டும். ஆனால் அதை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று பலெர்மோவின் புனிதை சந்த றொசாலியாவின் படத்தில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அப்படியும் மனம் கேட்காமல் இங்குள்ள சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டு எழுது என்றார். பத்துச் சொன்னேன். மிச்சம் ஏழும் உனக்கு.

பூதத்தின் வாலிலிருந்து நாலு மயிர் பிடுங்கி மெழுகுதிரியில் பிடி. மிருகத்தின் மயிர் என்றால் தலைமயிர் எரிந்த மணம் வரும். இது உருகும். ஏனென்றால் அது பிளாஸ்டிக்.

உண்மையான கோட் 1992இலேயே போய்விட்டது. சிஞ்ஞோராவின் புருஷன் செத்த பிறகு அவவிடம் பெரிய வீடும் பெரிய பேரும்தான் மிச்சம். அந்தக் கோட்டை விற்கக் கொண்டுபோனவள் நான். பிறகு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறி, எங்களை யாருக்கும் தெரியாத கத்தானியாவில் இந்தப் பொய்க் கோட்டை வாங்கிவந்தோம். கடைக்குக் கொடுத்தால் கடைக்காரன் தொட்ட உடனே அறிந்துவிடுவான். அதனால்தான் அது உங்கள் கட்டிலுக்குக் கீழே ஒளிகிறது.

அதற்குப் பிறகு அவவால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் கோட்டைத் தூசி தட்டினால் எழும்பி மற்ற அறைக்குப் போவா. இரண்டு மாதத்தில், வேலை செய்யும்போது சத்தமாகப் பாடுகிறேன் என்று சொல்லி என்னை வேலையிலிருந்து நிற்பாட்டினா. அந்த இடத்துக்கே உன் அம்மாவை எடுத்தா. உன் அம்மா கோயில் வாசலில் இருபது பேருக்கு முன்னால், "வாய்க்கொழுப்பால வேலையைத் துலைச்சு என்ர மானத்தையும் வாங்கிப்போட்டாள்" என்றா. என்னவென்று சொல்வது, சத்தியம் செய்துவிட்டேனே.

அம்மாவுக்கு இதைச் சொல்லாதே. சிஞ்ஞோராவின் வெட்கம் அவவுக்கும் தெரிந்தால், அது முகத்தில் தெரியும். பிறகு அவவுக்கும் என் கதிதான். உன் அம்மாவின் முகம் கண்ணாடி மாதிரி.

அன்புடன்
சின்னம்மா அற்புதமலர்

---

பலெர்மோ
04.06.1996, இரவு

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

உருகியது! ஒரு கறுப்பு மணியாகி விரலில் ஒட்டிக்கொண்டது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா கதவில் தட்டினா.

"என்னடி உள்ளுக்க சிரிப்பு?"

"வயித்துவலி அம்மா."

"வயித்துவலிக்கு ஆரடி சிரிக்கிறது?"

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். கோயில் சுவாமியார், நாங்கள் வேலை செய்யும் வீட்டுச் சீமாட்டிகளை எல்லாம் நாடகத்துக்கு அழைத்துவிட்டார். முன்வரிசையில் எங்கள் சிஞ்ஞோரா! பொய்க் கோட் என்றாலும் அவவுக்கு இருப்பது அது ஒன்றுதானே. குளிருக்கு எதைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போவா? அதை மேடையில் கண்டால் அம்மாவை வைத்திருப்பாவா?

நான் பவுல் மாமாவிடம் போய், பூதத்துக்குத் திரைச்சீலையில் வேறு தோல் தைக்கிறேன் என்றேன்.

"உனக்கென்ன விசரே? திரைச்சீலையைக் கண்டு ஆர் பயப்பிடுறது? அது பூதமில்லை, யன்னல்."

"நாடகத்தில ஒருத்தரும் பயப்பிடுறேல்லைத்தானே மாமா."

"ஓம், ஆனால் பயப்பிடாமல் விடுறதுக்கு முதல்ல ஒரு பூதம் வேணும்."

நாடகம் இதுதான். சீமாட்டிகளுக்குத் தமிழ் விளங்காததால் யாரும் வாய் திறப்பதில்லை, எல்லாம் நடிப்புத்தான். பூதம் பலெர்மோவைப் பயமுறுத்த வருகிறது. ஒருவருக்கும் பயப்பட நேரமில்லை. பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் கந்தோரில், அந்தக் குவெஸ்தூராவில், வரிசையில் நில் என்கிறார்கள். நாளைக்கு வா என்கிறார்கள். கடைசியில் ஒரு வீட்டில் யன்னல் துடைக்கும் வேலை கிடைக்கிறது. பூதத்தின் முன்பாதி அப்பா, பின்பாதி றோபேட் அண்ணை. மொண்டெல்லோ ரெஸ்ரோரண்டில் அப்பாவுக்குத் திங்களில் லீவு. றோபேட் அண்ணைக்கு வியாழன் பின்னேரம். அதனால் முன்பாதி திங்களில் பழகுகிறது, பின்பாதி வியாழனில் பழகுகிறது. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை. பவுல் மாமா கவலைப்படவில்லை. "ஒரே உடம்புதானே" என்கிறார்.

எனக்கு நித்திரை இல்லை. என்ன செய்ய?

றஜிதா

---

மெசீனா
08.06.1996

றஜிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நிறத்தை மாற்று. மஞ்சள்தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசு. மஞ்சள் பூதத்தைப் பார்த்து மண்ணிறக் கோட்டை யார் நினைப்பார்கள்?

யாரும் கேட்டால் ஓடாதே. ஓடுகிற பிள்ளையைத்தான் பிடிப்பார்கள்.

சின்னம்மா

---

பலெர்மோ
14.06.1996, இரவு

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மஞ்சள் பிடித்தது, ஆனால் இடைக்கிடை மட்டும்தான். நேற்று மேடைக்கு வந்தது சொறி பிடித்த பூதம். மீன்குழம்பு மணம் முன்வரிசை வரைக்கும் போனது.

முன்பாதியும் பின்பாதியும் மேடையில்தான் முதல்முறை சந்தித்தன. அப்பா வலப்பக்கம் போனார், றோபேட் அண்ணை இடப்பக்கம் போனார். நடுவில் என் தையல் "கிர்ர்" என்றது. பிறகு பின்பாதி குந்தப் பார்த்தது, முன்பாதி பாய்ந்தது. சனம் கதிரைகளைத் தட்டிச் சிரித்தது. குவெஸ்தூராக் கட்டத்தில் தலை வரிசையில் நிற்க, வால் போய் இன்னொரு வரிசையில் நின்றது. பவுல் மாமா அதைத் தானே யோசித்துச் செய்ததாக இப்போது எல்லோருக்கும் சொல்கிறார்.

நான் திரைக்குப் பின்னால் நின்று சிஞ்ஞோராவை மட்டும்தான் பார்த்தேன். அவ சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த சிநேகிதி குனிந்து சொன்னது எனக்கே கேட்டது: "அடெலைடே, அது உன் கோட் மாதிரி இல்லையா?"

"என்னுடையது கடையில் இருக்கிறது" என்றா சிஞ்ஞோரா.

மூன்றாம் வரிசையில் அம்மா எழும்பி நின்றா. திரும்ப இருந்தா. அப்போதே அம்மாவுக்கு விளங்கிவிட்டது, நான் எதை வெட்டினேன் என்று.

முடிந்ததும் சீமாட்டிகள் மேடைக்கு வந்தார்கள். சிஞ்ஞோரா நேரே பூதத்திடம் வந்தா. சிநேகிதி பின்னால்.

"இதைத் தைத்தது யார்?"

ஓடவில்லை சின்னம்மா. கால் ஓடத்தான் பார்த்தது. "நான்தான், சிஞ்ஞோரா."

"இந்த ரோமம் எங்கே கிடைத்தது?"

சிநேகிதி காதை நீட்டிக்கொண்டு நின்றா. சிஞ்ஞோராவின் கை பையின் பிடியில் இறுகி வெள்ளையாகிவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், அவ என்னைவிடப் பயந்துபோய் இருந்தா.

"ஞாயிற்றுச் சந்தையில், சிஞ்ஞோரா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "மலிவு. பொய் ரோமம்."

சிஞ்ஞோரா பையின் பிடியை விட்டா. "தெரிகிறது" என்றா.

ஒன்றும் அறியாத அப்பா, நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்து, பூதத்தின் கையை நீட்டி அவவின் மூக்குக்கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டார். அதற்குத்தான் சிஞ்ஞோரா சிரித்தா. கண்ணில் நீர் வரும்வரைக்கும்.

வீட்டில் அம்மா கட்டிலுக்குக் கீழிருந்த பையை இழுத்துத் திரைச்சீலைகளைப் பார்த்தா. அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது. இன்று காலையில் செத்தவீட்டுக்குப் போவதுபோல் கறுப்புச் சீலை உடுத்துக்கொண்டு வேலைக்குப் போனா.

பின்னேரம் கையெழுத்து வைத்த கடிதத்தோடு வந்தா. சிஞ்ஞோரா படிக்கட்டில் நின்று, மாடி முழுவதற்கும் கேட்க அழுதாவாம். கடைக்காரன் ரெலிபோன் எடுத்தானாம், கோட்டைப் பூச்சி அரித்துவிட்டதாம். பக்கத்து வீட்டுச் சீமாட்டிகள் கேக் வாங்கிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தார்களாம். அம்மா ஆறு பேருக்குக் கோப்பி போட்டாவாம். எல்லோரும் போன பிறகு சிஞ்ஞோரா, அம்மா கேட்காமலே கடிதத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தாவாம்.

"கோட் இஞ்சை கிடந்தது. பிறகு எந்தக் கடைக்காரன் ரெலிபோன் எடுத்தவன்?" என்று அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டா. பிறகு என்னைப் பார்த்தா. "அது பொய் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் பேசவில்லை.

"அற்புதத்தை நிப்பாட்டினது பாட்டுக்காக இல்லை, என்ன?"

நான் திரைச்சீலைகளை மடிக்கத் தொடங்கினேன். சத்தியம் உங்களுடையது.

"அவளின்ர விலாசம் உன்ர கணக்குக் கொப்பிக்குள்ள இருக்கு. எடு."

"அம்மா, உங்களுக்கு..."

"பவுல் அண்ணை கண்ணடிச்சுக்கொண்டுதான் உனக்குக் காகிதம் தாறவர். முழுக் கோயிலுக்கும் தெரியும்."

அம்மா மேசையில் இருந்து எழுதத் தொடங்கினா. இரண்டு மணித்தியாலம் இருந்தா. பேனாவை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டா. பார்த்தால் தாளில் ஒரேயொரு சொல்தான் இருக்கிறது. அந்தத் தாளை அம்மாவுக்குத் தெரியாமல் இதோடு வைக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

உங்கள்
றஜிதா

(இணைத்த தாளில்)

தங்கச்சிக்கு,

---

மெசீனா
19.06.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது. எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தேன்.

முதல் பக்கத்தில் நீங்கள் கேட்டதற்கு, ஓம், சுகமாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கோயில் வாசல் கதையை இவ்வளவு விரிவாக எழுதியிருக்கத் தேவையில்லை. எனக்கும் அன்றைக்கு உங்களில் கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். பாதிக் கோபம் இப்போதும் இருக்கிறது. அதை நேரில் வந்து தருகிறேன், கடிதத்தில் வைத்தால் முத்திரைக் கூலி கூடும்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதியதை வாசித்து அழுதேன். அதைப் பற்றி இனிமேல் நாங்கள் கதைக்கவேண்டாம்.

வாற வியாழன் இங்குள்ள என் சிஞ்ஞோரா எனக்கு முழுநாள் லீவு தந்திருக்கிறா. பலெர்மோவுக்கு மத்தியானம் ஒன்றரை மணி ரயிலில் வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், எனக்கு வழி தெரியும்.

அப்படியும் நீங்கள் வந்தால், கடைசிப் பெட்டியில் இருப்பேன்.

தங்கச்சி
அற்புதமலர்