காறை எலும்புக்குப் பழி

மார்ச் 4, செவ்வாய்

வரிசைப்படுத்தாமல் எதைத் தொடங்கினாலும் எனக்கு ஓடாது. லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இன்ஜினியராக இருந்த காலம் முழுக்க அப்படித்தான். ஆகவே:

1. பேத்தி கயலைக் கீழே தள்ளியவள் போடிப் பெண் ஜெபஷீலா. முழங்கையால் இடித்தாள். என் கண்ணால் பார்த்தேன்.
2. தேனி சைக்கிள் சங்கத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும்.
3. ஜூலை ரேஸில் அந்தப் பெண் இருக்கக் கூடாது. மாநிலப் போட்டிக்கு அதில் முதலாவதாக வருபவள் ஒருத்திக்குத்தான் இடம்.
4. பழிவாங்குவது என் வேலை. கயலுக்கு அந்தக் குணம் கிடையாது. அவளை இதில் இழுக்கக் கூடாது.
5. பயப்படக் கூடாது.

ஐந்தாவதை எழுதும்போதே பயமாக இருக்கிறது.

போன மாதக் கடைசியில், சீசனின் முதல் ரேஸ். உத்தமபாளையம் தாண்டி ரோட்டில் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறி மணியை உதிர்க்கட்டும் என்று. வருஷா வருஷம் நடப்பதுதான். மிச்சப் பாதியில் இந்த இரண்டு பெண்களும் எல்லோருக்கும் முன்னால் வந்தார்கள். ஜெபஷீலா முன்னே, கயல் ஒட்டிப் பின்னே. ஜெபஷீலாவின் வலது முழங்கை வெளியே வெட்டியது. கயல் வலது பக்கம் சாய்ந்தாள். பிறகு சத்தம். காறை எலும்பு இரண்டாக. அந்தப் பெண் நிற்கவில்லை. போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

எழுபது தாண்டிய கிழவன் கல்லூரிப் பெண் ஒருத்தியைப் பழிவாங்கத் திட்டம் போடுகிறேன். வெட்கமாக இருக்கிறதா? இருக்கிறது. நிறுத்துவேனா? மாட்டேன்.

மார்ச் 6

புகாரை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ‘இடித்தாள்’ போதுமா, ‘வேண்டுமென்றே இடித்தாள்’ என்று போடுவதா?

மார்ச் 15, சனி

‘வேண்டுமென்றே’ போட்டுவிட்டேன்.

சங்கச் செயலாளர் பாண்டீஸ்வரன் தேனியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். படித்துவிட்டு, “சார், நீங்க எவ்வளவு தூரத்துல நின்னீக?” என்றார். டீக்கடை வாசலில், என்றேன். “கண்ணாடி போட்டிருந்தீகளா?” போட்டிருந்தேன். விசாரணை முடிகிறவரை ஜெபஷீலா எந்த ரேஸிலும் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

மார்ச் 29, சனி

அந்தப் பெண்ணின் தகப்பனார் ஜேசுராஜ் வந்திருந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரம். வெள்ளைச் சட்டை, கையில் திராட்சைப் பை. திராட்சை விளைகிற கம்பத்துக்காரன் வீட்டுக்கே திராட்சை வாங்கி வருகிற மனிதரை என்ன சொல்ல!

நான் உள் அறையில் நின்றுகொண்டேன். மருமகள் மாரீஸ்வரிதான் பேசினாள். திருப்பூரிலிருக்கும் என் மகனுக்கும் சேர்த்து இந்த வீட்டில் பேசுகிறவள் அவள்தான்.

“அம்மா, பிள்ளை சரியாச் சாப்பிடுறதில்ல. சைக்கிள மூலையில சாத்திட்டு அதையே பாத்துக்கிட்டுக் கெடக்கு. பெரியவர்ட்ட ஒரு வார்த்தை...”

“மாமா தூங்குறாக.”

நான் தூங்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று ‘சாப்பிடுவதில்லை’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இனித்தது. பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் இனித்தது.

அவர் போன பிறகு மாரீஸ்வரி கேட்டாள்: “என்ன மாமா செஞ்சு வச்சிருக்கீக?” சொன்னேன். “நல்லாருக்கு! அங்கன ஒரு புள்ள சோறு திங்காமக் கெடக்கு, இங்கன ஒருத்தி தலை பின்னக் கை தூக்க முடியாமக் கெடக்கா. உங்க மனு யாருக்குச் சடை பின்னப் போகுது?”

கயலிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். திராட்சையை மாரீஸ்வரி கழுவி எல்லோருக்கும் கொடுத்தாள். நான் தொடவில்லை. இரண்டு மட்டும்.

ஏப்ரல் 13

கயலின் கையைக் கழுத்தோடு தாங்கியிருந்த தொட்டில் கட்டைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் விரல்களை நடத்தித் தோளை உயர்த்த வேண்டும். கயல் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறாள். நேற்று எட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. இன்று அதற்கு மேல் ஒரு விரல்கடை.

அழவில்லை. அவள் அழுதால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

ஏப்ரல் 20

ஜெபஷீலா இல்லாமல் சீசனின் இரண்டாவது ரேஸ் நடந்தது. யாரோ ஒருத்தி ஜெயித்தாள். பேப்பரில் பார்த்து, பெயரைக்கூட மனதில் வாங்காமல், ‘அவள் இல்லை’ என்பதை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

மே 11, ஞாயிறு

இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

விழுந்த பிறகு கயல் இன்றுதான் முதன்முறையாக ரோட்டில் ஓட்டினாள், கல்லூரி அணியில் இருக்கும் வேல்பாண்டி என்ற பையனோடு. மாரீஸ்வரியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். வேல்பாண்டி முன்னால், கயல் பின்னால். கூடலூர் தாண்டியதும் அவன் வலது முழங்கை வெளியே வெட்டியது. அதே வெட்டு! கயல் வலது பக்கம் ஏறினாள்.

“ஏலே! இடிக்காதடா!” என்று கத்திவிட்டேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. ஸ்கூட்டி ஆடியது.

இருவரும் பிரேக் பிடித்து நின்றார்கள். வேல்பாண்டி திருதிருவென்று விழித்தான். “நான் எங்க தாத்தா இடிச்சேன்? முன்னால வான்னு சொன்னேன்.”

முன்னால் போகிறவர் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்கிறார். பின்னால் ஒட்டி வருபவருக்குப் பாதிச் சுமைதான். அதனால் முறை வைத்து மாறுவார்கள். கைப்பிடியை விட முடியாது, வாய் திறந்தால் மூச்சு போகும். எனவே முழங்கையை வெட்டிக் காட்டுவது: ‘என் முறை முடிந்தது, நீ வா.’ சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும்.

கயல் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “தாத்தா, அன்னைக்கு ரேஸ்ல... நீங்க என்ன பாத்தீக?”

மாரீஸ்வரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“அவ கூப்பிட்டா, நான் ஏறுனேன்,” என்றாள் கயல். “கொள்ளுல ஏறிருவோம்னு பயந்து அவளும் வலது பக்கமே ஒதுங்கிட்டா. சக்கரம் உரசிருச்சு. வேணும்னு செஞ்சாளா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனா விழுந்து கெடக்கும்போது திரும்பிப் பாத்தா. பாத்துட்டுப் போயிட்டா.”

கோபமே இல்லாமல் சொன்னாள், நேற்றைய சாம்பாரைப் பற்றிச் சொல்வது போல.

முதலாவதாக எழுதியது நிற்காது. ஆனால் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாளே? அது போதாதா? எனக்குப் போதும்.

மே 12

“மனுவத் திருப்பி வாங்கிருங்க தாத்தா.”

“அவள் வந்தால் உனக்கு இடம் கிடைக்குமா? தோள் இன்னும் முழுசாகச் சேரவில்லை.”

“அவ ஓட்டணும். ஆள் இல்லாத ரோட்ல ஜெயிச்சா, தாத்தா மனுப் போட்டு வாங்கிக் குடுத்த கப்புன்னு காலேஜ்ல கேலி பண்ணுவாக.”

“உனக்கு அவள்மேல் கோபம் இல்லையா?”

சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள். என்ன பெருந்தன்மை! என் ரத்தம்தானா இது? எனக்கோ அந்தப் பெண் இன்னும் ஒரு மாதம் பட்டினி கிடந்தால் தேவலை.

மே 17, சனி

தேனி. பாண்டீஸ்வரன் கடை. டயர் வாசனை. ஜேசுராஜும் மகளும் பெஞ்சில். அவளைக் கிட்டத்தில் பார்த்தது இன்றுதான். ஒல்லி, நகம் கடித்த விரல்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

“நான் பார்த்தது சைகை. இடி என்று தவறாக எழுதிவிட்டேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.” ஒத்திகை பார்த்த வாக்கியம்.

பாண்டீஸ்வரன் தலையில் கைவைத்தார். “ரெண்டு மாசம் சார்! ஒரு புள்ளையோட ரெண்டு மாசம்!”

ஜேசுராஜ் எழுந்து என் கையைப் பிடித்து, “கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாரு அய்யா,” என்றார். கையை இழுத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை. ஜெபஷீலா வாசலில் வந்து, “கயல் எப்படி இருக்கா?” என்று கேட்டாள்.

“ரேஸுக்கு வருவாள்,” என்றேன். மிரட்டுவதுகூட எனக்கு விசாரிப்பது போலத்தான் வருகிறது.

ஜூன் 30

காற்று தொடங்கிவிட்டது. மொட்டைமாடிக் கொடியில் ஒரு துணி நிற்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சின்னமனூரிலிருந்து லோயர் கேம்ப். முழுக்க எதிர்காற்று, கேரள மலையிலிருந்து இறங்கி முகத்தில் அறைகிறது. தென்னைகள் எல்லாம் தேனிப் பக்கம் சாய்ந்து நின்றன. பின்னால் வண்டியில் வரக் கூடாது என்று பாண்டீஸ்வரன் சொல்லியிருந்தார். மாரீஸ்வரிக்கு அது காதில் விழவில்லை.

கம்பத்தைத் தாண்டுவதற்குள் மற்றவர்கள் உதிர்ந்துவிட்டார்கள். ஜெபஷீலா முன்னே, கயல் பின்னே. ஜெபஷீலாவின் முழங்கை வெட்டியது. கயல் போகவில்லை. சிறிது தூரம் கழித்து மறுபடி வெட்டியது. போகவில்லை. தோள் வலிக்கிறதோ என்று பதறி, “நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு,” என்று மாரீஸ்வரியின் முதுகைத் தட்டினேன்.

கூடலூர் கடைவீதியில் ஒரு கிழவி, “ஏத்தா, நீயும் செத்த நேரம் முன்னால போத்தா!” என்றாள். “அவ ஏன் போவா ஆத்தா?” என்றான் பக்கத்தில் ஒருவன். “காத்துக்கு ஒரு ஆளையே குடையாப் பிடிச்சுக்கிட்டு வாரா!”

ஊர் தாண்டியதும் ஜெபஷீலா திரும்பினாள். எதிர்காற்று என்பதால் பேச்சு எங்களிடம் வந்து சேர்ந்தது.

“மாறுடி! செத்துருவேன்!”

“உன் தோளு நல்லாத்தான இருக்கு?” என்றாள் கயல். “இழு.”

மாரீஸ்வரி ஸ்கூட்டியின் வேகத்தைக் குறைத்தாள். முறை மாற மறுப்பது விதிப்படி தவறில்லை. வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருகிறவர்கள் பிடித்துவிடுவார்கள்; எனவே ஜெபஷீலா இழுத்துக்கொண்டே போனாள், தலை தொங்க, வாயோரம் எச்சில் வழிய. கயல் அவசரப்படவே இல்லை. கால்வாய்ப் பாலத்துக்கு அப்பால், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு, வெளியே வந்து தாண்டிப் போனாள்.

ஜெபஷீலா கோட்டைக் கடந்ததும் சைக்கிளோடு சரிந்தாள். ஜேசுராஜ் துண்டால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

கயல் வந்து தண்ணீர் குடித்தாள். “ஏப்ரல்லேயே யோசிச்சு வச்சது தாத்தா. சுவத்துல கோடு போடும்போது. உங்க மனு நின்னிருந்தா எல்லாம் வீணாப் போயிருக்கும்.”

மாரீஸ்வரி, “யாரு பெத்த புள்ளையோ,” என்று சொல்லி அவள் முகத்தைத் துடைத்தாள்.

எனக்குச் சந்தோஷம். கொஞ்சம் பயமும். இரண்டையும் பிரித்து எழுத முயன்றேன், முடியவில்லை.

முதல் நாள் பட்டியலில் நான்காவதாக எழுதியது தவறு: ‘கயலுக்கு அந்தக் குணம் கிடையாது.’