சாணி கேஸுக்கு அரைச்ச மஞ்சள்

எருமப்பட்டி
10-11-83

சாமி தண்டாயுதபாணிக்கு அம்மா எழுதறது. நானும் உங்கப்பாரும், எருமை ரண்டும் கண்ணுக்குட்டியும் நல்லா இருக்கறோம். பிலாய்ல குளுரு ஆரம்பிச்சிருக்கும், நீ நல்லா இருக்கோணும்னு மாரியாத்தாளை வேண்டிக்கறேன். ஓட்டு ஊட்டை இடிச்சுப்போட்டு மாடி கட்டலாம், இல்லீனா நீ இங்க வந்துரும்மான்னு எழுதியிருந்தே. ரண்டும் நடக்காது கண்ணு. உங்க தாத்தன் கட்டுன சுண்ணாம்புச் செவுரு, சித்திரை வெயில்லயும் உள்ள குளுகுளுன்னு இருக்குது. கெட்டது ஊடில்லை, அடுப்புப் பொகை. இனிப் பொகை உள்ள போனா என்ற நெஞ்சு தாங்காதுன்னு நாமக்கல் டாக்டரு சொன்னதும் உங்கப்பாரு என்ற சீலையெல்லாம் ட்ரங்குப் பொட்டியில மடிச்சு வெச்சு, தை பொறந்தா பையங்கிட்டப் போயிருன்னுட்டாரு. முப்பது வருசம் ஆக்கிப்போட்ட ஊட்டை உட்டுப்போட்டு பாசை தெரியாத ஊர்ல நான் சன்னலைப் பாத்துக்கிட்டு உக்காரோணுமா?

அதனால இருக்கற ஊட்டையே சரி பண்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். சமையக்கட்டு மேல ரண்டு கண்ணாடி ஓடு வெச்சு வெளிச்சம் வந்துருச்சு. வாசல்ல உளுகற மழைத்தண்ணி கெணத்துக்குப் போக வாய்க்கா வெட்டியாச்சு. கடைசியா மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால குழி தோண்டி சாணி கேஸு. சாணியைக் கரைச்சு ஊத்துனா காத்து சேந்து, மூடியிருக்கற இரும்பு ட்ரம்மு தானா மேல வரும், குழாய் வழியா அடுப்பு எரியும்னு யூனியன் ஆபீசு கைலாசம் சொன்னாரு. சாணியில சோறாக்கறதை ஊருக்குள்ள சொல்லீராதேன்னாரு உங்கப்பாரு. வறட்டி மட்டும் என்ன சந்தனமுங்களான்னு கேட்டேன். ஒரு மாசம் ஊத்துனேன், ட்ரம்மு அசையலை. உன்ற அத்தை பாவாயி தினமும் எட்டிப் பாத்து, ஏனுங்க அண்ணி, ட்ரம்மு இன்னும் எந்திரிக்கலீங்களாங்கறா. உங்கப்பாரு பொட்டிக்குப் பூட்டே வாங்கியாந்துட்டாரு. கொட்டாய்க்குள்ள போயி அழுதுபோட்டேன். கேஸு வர்ற வரைக்கும் நான் பொகைகிட்டப் போகக்கூடாதுன்னு அவரே ஆக்குன சோத்தைத் தின்னது தனிக் கதை.

கைலாசம் மறுபடி வந்து, சாணியில வேறென்னங்கம்மா சேக்கறீங்கன்னாரு. சாமிக்குப் படைக்கற சோறு வேகற நெருப்பாச்சே, சுத்தமா இருக்கோணும்னு தினம் ரண்டு கை வேப்பிலையும் ஒரு உருண்டை மஞ்சளும் அரைச்சுக் கலக்கறேன், வெள்ளிக்கிழமை ரண்டு உருண்டைன்னு பெருமையாச் சொன்னேன். அந்த மனுசன் தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. சாணிக்குள்ள இருக்கற கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொழைச்சாத்தானுங்க காத்து உண்டாகும், அம்மை போட்ட ஊட்டுக்குப் பண்றாப்பல பண்ணி அத்தனையும் கொன்னுபோட்டீங்களேன்னாரு. பாவாயி சிரிச்ச சிரிப்பு தெக்குத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். போதும் உடுன்னாரு உங்கப்பாரு. தை வரைக்கும் நாளிருக்குதுங்களேன்னு குழியை அள்ளித் தென்னைக்குக் கொட்டிப்போட்டு வெறும் சாணியில ஆரம்பிச்சேன். மூணாம் நாள் பாத்தா உங்கப்பாரும் ஒரு கூடை தூக்கிக்கிட்டு வாராரு.

முந்தாநாள் காலையில ட்ரம்மு ஒரு முழம் மேல நிக்குது! பத்த வெச்சா நீலமா எரியுது சாமி, பொகையே இல்லை. மொதல்ல உங்கப்பாருக்குக் காப்பி வெச்சுக் குடுத்தேன். குடிச்சவரு உள்ள போயி, பொட்டியைத் தொறந்து என்ற சீலையெல்லாம் எடுத்துப் பழையபடி கொடியில போட்டாரு.

நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி. நோய் நொடி இல்லாம ஆத்தா உன்னைக் காப்பாத்துவா. பொங்கலுக்கு லீவு சொல்ல மறந்துராதே. திரும்பறப்ப அந்தப் பொட்டி நெறைய முறுக்கு சுட்டுப் போட்டுத் தாரேன். பொட்டி மட்டுந்தான் உன்ற கூட வரும்.

இப்படிக்கு,
இந்த ஊட்லயே இருக்கற உன்ற அம்மா,
சாரதாமணி