மூன்று பேருக்கு மேல் போனால் திறக்காதே

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். முக்கியமாக அம்மாவிடம்.

நைனா, மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டது. அழுகிய முட்டை வாடை. ஆணியில் தொங்கும் உன் சட்டையிலும் அதே வாடை, இன்றைக்குத்தான் கழற்றி மாட்டியதுபோல. அம்மாவுக்கு மீன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு. வீட்டில் நான் மட்டும்.

ராயபுரத்துக் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நீ கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியூர்க் கம்ப்யூட்டர் ரகசியமாகப் பேச வந்தால் முதலில் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பாய். அதற்கு இன்னொன்று சாட்சி, அந்த இன்னொன்றுக்கு வேறொன்று. இப்படியே ஏறி, நம் மெஷினுக்கு முன்பே தெரிந்த ஒன்றில் போய் முடிய வேண்டும். சங்கிலி முடியாமல் நீண்டால், சரிபார்த்துச் சரிபார்த்தே நம் மெஷின் படுத்துவிடும். வேண்டுமென்றே அப்படி அனுப்புகிறவர்களும் உண்டாம். அதனால் நீ ஓர் அளவு வைத்திருந்தாய். மூன்று. அதைத் தாண்டினால் இணைப்பு அறுந்துவிடும்.

அதே கணக்கை வீட்டுக்கும் கொண்டுவந்தாய். "நான் அனுப்பிச்சேன்னு யாரு வந்தாலும், யாரு யாருக்குச் சொன்னதுன்னு கேளு. மூணு பேருக்கு மேல போச்சுன்னா தொறக்காத." வூட்டையும் ஆபீஸ் ஆக்கிவிட்டார் என்று அம்மா சிரித்தாள்.

அந்த மழை நாள் சாயங்காலம் மீன்கார அக்கா வந்து தட்டினாள். ஆபீஸ் வாசலில் உன்னை லாரி அடித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்கிறாய், கூட்டிப்போகத்தான் வந்திருப்பதாகச் சொன்னாள். யார் சொன்னது என்று கேட்டேன். அவளுக்கு ஆட்டோக்காரர், ஆட்டோக்காரருக்கு டீக்கடைக்காரர், டீக்கடைக்காரருக்கு உன் ஆபீஸ் வாட்ச்மேன். வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பியது நீ. விரல் விட்டு எண்ணினேன். நான்கு பேர்.

"தொறக்க மாட்டேங்க்கா."

"இன்னா பொண்ணுடி நீ. நைனா அங்க சாவக் கெடக்கறாரு, நீ கணக்கு போட்டுகினு கீற."

ரொம்ப நேரம் மழையில் நின்றுவிட்டுப் போனாள். அம்மா வந்து, நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் சாப்பிடும்போது சொன்னாய். கொழும்பு ஆபீசின் இணைப்பு இரண்டு நாளாக அறுந்துகொண்டே இருந்ததாம். அவர்கள் போலி இல்லை, அவர்கள் சங்கிலியில் நான்கு பேர், அவ்வளவுதான். நீ அளவை ஐந்தாக ஏற்றினாய். "ரொம்ப இறுக்கிட்டா, நெசமான ஆளும் வெளியவே நின்னுகினு கீறான்" என்றாய். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக் கணக்கையும் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீயும் சொல்லவில்லை.

நான்கு ராத்திரியாக யாரோ கதவைத் தட்டுகிறார்கள். முதல் ராத்திரி மீன்கார அக்காவின் குரல், அதே நான்கு பேரைச் சொன்னது. விடிந்ததும் கேட்டேன், அவள் வரவே இல்லை. மறுநாள் ஆட்டோக்காரர் குரல், அவரோடு சேர்த்து மூன்று பேர். மூன்று என்றால் திறக்கலாம். எனக்குக் கை எழவில்லை. அப்புறம் டீக்கடைக்காரர். நேற்று வாட்ச்மேன். "ஒங்க நைனா கூப்டறாரும்மா." வாட்ச்மேன் போன மாதமே ஊருக்குப் போய்விட்டார்.

இன்றைக்கு மிச்சம் நீதான்.

எல்லாருக்கும் மேலே இருப்பவருக்கு யார் சாட்சி என்று உன்னிடம் ஒருமுறை கேட்டேன். "அவரு கையெழுத்த அவரே போட்டுக்குவாரு. அவர உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்" என்றாய்.

எனக்குத் தெரியும், நைனா. நீ வீட்டுக்கு வந்தால் சைக்கிள் சாவியால் இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது கேட்டால் எதையும் எண்ண மாட்டேன். உன் முகம் எப்படி இருந்தாலும் திறப்பேன்.

வாடை அதிகமாகிறது. கதவில் சாவிச் சத்தம். ஒன்று. இரண்டு. இப்போது நிறுத்தி