ராகு காலத்தில் கிளம்பிய டெக்சி

என் குரலை எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிடுகிற அக்காவுக்கு,

பெரிய ஆஸ்பத்திரியின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே உன் மகள் மலர், பிரசவ அறையில். கதவை மூடிவிட்டார்கள்.

நீ பார்த்த நம் ஊர் காஜா பெராங் இப்போது இல்லை. நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்காவுக்குப் பிறகு நம் சந்துக்குத் தார் போட்டார்கள். முனையில் குழாய், வீட்டில் கரண்ட் விளக்கு. வலியோடு உன்னை மாட்டுவண்டியில் ஏற்றிய அந்தச் சேற்றில் இன்று டெக்சி வந்து நிற்கிறது. ஆனால் ராகு காலம் முடியட்டும் என்று உன்னைக் காக்க வைத்தார்களே, அந்தக் கடிகாரம்? அது இன்னும் நம் சுவரில்தான் ஓடுகிறது.

தலைப்பிரசவத்துக்கு மலரை நம் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். இன்று மதியம் வலி கண்டதும் டெக்சி பிடித்து வீட்டு முன் நிறுத்தினேன். அவளைப் பார்க்க வந்திருந்த அவள் மாமியார் வாசலை மறித்தார்.

"கொஞ்சம் பொறுங்க சம்பந்தி. ராகு காலம் முடியல. புள்ளத்தாச்சி இப்ப வாசல் தாண்டக் கூடாது."

பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள் நான். என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். கால் எழவில்லை. காத்திருந்ததால்தான் உன் உயிர் போனது என்று தெரியும். ஆனாலும், கிளம்பி ஏதாவது ஆகிவிட்டால்?

மலர்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ராகுவும் ஏறட்டும் அத்தை, டெக்சியில எடம் இருக்கு. நீங்க பக்கத்துல ஒக்காருங்க. உங்களுக்குப் பயந்து பேசாம வருவாரு."

"வாயப் பாரு! எங்கேருந்து வந்துச்சு இந்த வாயி?" என்று திட்டிக்கொண்டே அவரும் ஏறிவிட்டார். உன்னிடமிருந்துதான், வேறெங்கிருந்து?

சற்றுமுன் நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்தாள். "ரத்தம் கொஞ்சம் அதிகமா போகுது. டாக்டர் பாக்குறாரு. பொண்ணோட அம்மா யாரு?"

நான் வாய் திறக்குமுன் சம்பந்தி என் தோளைத் தொட்டு, "இவங்கதான்" என்றார். வளர்த்தது நான் என்றாலும் அவளுக்கு எப்போதும் சின்னம்மாதான், அக்கா. உன் இடத்தில் உட்காரப் பயம்.

"இங்கயே இருங்கம்மா, கூப்புடுவேன்."

மலரை வண்டியிலேயே பெற்றுவிட்டுக் கண்ணை மூடினாயே, உனக்கும் இப்படித்தானே ரத்தம் போனது? இவளுக்கு டாக்டர் இருக்கிறார். நாங்கள் நேரத்தோடு வந்துவிட்டோம். வந்துவிட்டோம்தானே?

இங்கேயும் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்து அம்மா என்று கூப்பிட்டால், உள்ளே எது இருந்தாலும் சரி, என் கால் இந்த முறை நிற்காது. இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கை,
இன்றிலிருந்து மலருக்கு அம்மா.