செவ்வாய்க்கிழமை முடிவெட்டு

கூட்டாளி,

உன் மேசை இழுப்பறையில் பாதி தீர்ந்த லவண்டர் பாட்டில் ஒன்று இருந்தது. என்னுடையது காலியாகிவிட்டதால் இன்று காலை அதை எடுத்துத் திறந்தேன். நீ உள்ளே வந்து நின்றதைப் போலக் கடை முழுவதும் மணம் பரவியது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. உட்கார்ந்திருந்த சீனப் பெரியவரின் பிடரியில் இரண்டு சொட்டுத் தடவி, துணியை உதறி, அவரை அனுப்பிவிட்டுத் தரையைப் பெருக்கினேன். நீ போனதிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன், மரத்துப்போன கால் மாதிரி. தட்டினால் தட்டியது தெரிகிறது, வலி தெரியவில்லை.

நீ போன பிறகு எனக்கு வந்த சிக்கலைக் கேட்டால் சிரிப்பாய். என் முடியை யார் வெட்டுவது என்பதுதான் அது. ஊரில் பாதித் தலை நம் கை பட்ட தலை. ஆனால் முடிவெட்டுகிறவன் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. நேற்று அதற்கு ஒரு வழி பிறந்தது. அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

பினாங்குத் தெருவில் அந்த ஒடுங்கிய கடையைப் பிடித்து இரண்டு நாற்காலி போட்டோமே, அதன் பிறகு நாம் எதில் ஒத்துப்போனோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. வாடிக்கைக்காரனுக்கு என்ன வேண்டும் என்பதில்தான் பெரிய சண்டை. எனக்கு அது ஒரு கேள்வியாகவே தெரியவில்லை. ஆள் உட்கார்ந்ததும் துணியைக் கட்டி, "எப்படி வெட்டணும்?" என்று கேட்பேன். சொன்னதைச் செய்வேன். துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, யார் வீட்டில் கல்யாணம், யார் யாரோடு கோர்ட்டுக்குப் போனான் என்று வாய் பாட்டுக்கு ஓடும். நீ கேட்கவே மாட்டாய். அவன் தலையை இரண்டு கையாலும் மெல்லப் பிடித்து, கண்ணாடியில் தெரியும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய்.

"என்னாடா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி பார்க்கிறே?" என்று நான் சீண்டுவேன்.

"பொறு லா. அவரே சொல்லுவாரு" என்பாய். அவ்வளவுதான் உன் பேச்சு.

பீச் ஸ்திரீட் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த அந்தக் குடுமிக்காரரை நினைத்துக்கொள்கிறேன். வந்தவர் நேராக என் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆபீசுல எல்லாரும் கிராப்பு வச்சுக்கிட்டாங்க. நான் ஒருத்தன்தான் இப்படி. எடுத்துடுங்க" என்றார். நான் குடுமியை அவிழ்த்துக் கத்தரியை வைத்துவிட்டேன். நீ உன் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இன்னைக்கே எடுக்கணுங்களா?" என்று அவரிடம் கேட்டாய். அவர் குடுமியைத் தொட்டுப் பார்த்தார். "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்றாய். அவர் குடுமியை முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று உன்னை நான் திட்டிய திட்டு தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "வந்த ஆளை வெரட்டிட்டியேடா. எதிர்க் கடைக்காரன் உனக்குச் சம்பளம் தர்றானா?" நீ உன் நாற்காலிக்குப் போய், விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாய். சில நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். கூடவே மனைவியும் வந்து, கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் தெருவைப் பார்த்தபடி நின்றார். கிராணி இந்த முறை உன் நாற்காலியில் உட்கார்ந்தார். நீ வெட்டிய குடுமியைக் கீழே விழவிடாமல் காகிதத்தில் சுற்றி வெளியே கொண்டுபோய் அந்த அம்மாவின் கையில் கொடுத்தாய். அவர் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே எட்டிப் பார்த்தார். கணவரின் புதுத் தலையைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கிராணி கடைசிவரை உன்னிடம்தான் வெட்டிக்கொண்டார்.

இதைச் சொல்வதால் நீ பெரிய ஞானி என்று நினைத்துக்கொள்ளாதே. கைக்கண்ணாடி கதையை நான் மறக்கவில்லை. சீனன் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவந்து, வெட்டி முடித்ததும் எல்லாருக்கும் பின்பக்கத்தைக் காட்டத் தொடங்கினாய். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ராவுத்தருக்கும் காட்டினாய். அவர் உச்சியில் ஒரு தட்டு அளவுக்கு வழுக்கை. அது பாவம் அந்த மனிதருக்குத் தெரியாது.

"இது யாரு தலை?" என்று கேட்டார்.

"உங்க தலைதான், ராவுத்தர் நானா."

கழுத்துத் துணியோடு எழுந்து போனவர் மாதக்கணக்கில் இந்தப் பக்கம் வரவில்லை. நாம் சாப்பிடப் போனால் கறித்துண்டே விழாமல் சால்னா ஊற்றினார். நீ கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி ஆணியில் மாட்டிவிட்டாய். "பின்னாடி தெரியாம இருக்கிறதும் ஒரு சொகம்தான் போல" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் ஒரு மலாய்க்காரரின் மீசை ஒரு பக்கம் குட்டையாகிவிட்டது.

நம் ஆட்கள் செவ்வாய்க்கிழமை முடி வெட்டமாட்டார்கள். அன்று ஒரு தமிழ்த் தலையும் நம் வாசலை மிதிக்காது. மத்தியானத்துக்கு மேல் கதவைப் பாதி சாத்திவிட்டு நாம் ஒருவர் முடியை ஒருவர் வெட்டிக்கொள்வோம். ஊர் வெட்டாத நாளில் வெட்டுகிறோமே, ஏதாவது ஆகிவிடாதா என்று ஆரம்பத்தில் கேட்டேன். "நமக்கு ஓய்வு கிடைக்கிறதே அன்னைக்குத்தான். சாமிக்கு அதுகூடவா தெரியாது?" என்றாய்.

அந்த நாற்காலிகளில் என்ன மாயமோ, என்னிடம் உட்கார்ந்தால் நீ பேசுவாய். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததைப் போலப் பேசுவாய். டத்தோ கிராமாட்டில் பார்த்துவிட்டு வந்த பெண்ணைப் பற்றி, சரி என்பதா வேண்டாம் என்பதா என்று எத்தனை செவ்வாய் பேசினாய்! உன்னிடம் உட்கார்ந்தால் எனக்கு வாய் அடங்கிவிடும். பாதி நேரம் தூங்கிவிடுவேன். என் இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு உண்டு, அங்கே முடி முளைக்காது. நீ மேலே உள்ள முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு அதை மறைத்துவிடுவாய். நான் அப்படிச் செய் என்று சொன்னதில்லை. தழும்பு எப்படி வந்தது என்று நீ கேட்டதும் இல்லை.

அந்தப் பெண் வீட்டுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ திரும்பவில்லை.

காரியம் செய்ய ஆயர் ஈத்தாமிலிருந்து உன் தம்பி வந்தான். சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவனுக்கு மொட்டை அடிக்க ஆள் வேண்டுமே என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பையில் கத்தி இருந்தது. உன் தம்பியின் தலையை நனைத்து மழித்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. முடிந்ததும் வெற்றிலை பாக்கின் மேல் காசை வைத்து நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். அங்கே நான் தொழில்காரன். உனக்கு அண்ணனா, மாமனா, மச்சானா? எந்த முறையும் இல்லை. துக்கம் விசாரித்தவர்கள் உன் தம்பியின் கையைப் பிடித்தார்கள். நான் கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடையைத் திறந்தேன். கல்நெஞ்சுக்காரன் என்று நாலு பேர் பேசியிருப்பார்கள். உன் நாற்காலியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். யாரையும் அதில் உட்காரவிடவில்லை. என் முடி காதை மூடியது, பிறகு காலருக்குள் நுழைந்தது. முதலில் எனக்கே அது தெரியவில்லை. வருகிறவர்கள் வெட்டுவதற்கு முன் என் தலையை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார ஆரம்பித்தார்கள். பிறகு சிலர் பார்த்துவிட்டு உட்காராமலே போனார்கள். ராவுத்தர்தான் வாய்விட்டுச் சொன்னார்: "ஏம்ப்பா, சமைக்கிறவன் பட்டினியாக் கெடந்தா அவன் கடையில எவன் சாப்பிடுவான்? மொதல்ல ஒன் தலையைப் பாரு. இப்படியே போனா கடையைச் சாத்த வேண்டியதுதான்."

அந்தக் கைக்கண்ணாடியைச் சுவரிலிருந்து எடுத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று வைத்து வெட்டிப் பார்த்தேன். எலி கொறித்தது போல் ஆனது. வேறு வழியில்லாமல் கேம்பல் ஸ்திரீட்டில் ஒரு சீனர் கடைக்குப் போனேன். சுத்தமான கடை, நல்ல கத்தரி. அவர் துணியைக் கட்டிவிட்டு, எப்படி வெட்டட்டும் என்று மலாயில் கேட்டார். "மாச்சாம் மானா?"

நான் எத்தனையோ பேரிடம் வாய் வலிக்கக் கேட்ட கேள்வி. என் முடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியும். தழும்பைக் காட்டி, இதை மறைத்துவிடு என்று ஒரு அந்நியரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். மன்னிப்புச் சொல்லி, துணியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தக் குடுமிக்காரர் எழுந்து போனாரே, அதே மாதிரிதான் நானும் நடந்திருப்பேன். வெட்டத் தெரிந்தவனை விட, நாம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் நம்மைத் தெரிந்தவனிடம்தான் தலையைக் கொடுக்கத் தோன்றுகிறது. இது உனக்கு முன்பே தெரிந்திருந்தால் எனக்கு ஏனடா புரியும்படி சொல்லவில்லை?

நேற்று செவ்வாய்க்கிழமை. உன் தகரப் பெட்டியை எடுத்துப்போக உன் தம்பி டிராம் பிடித்து வந்தான். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அவனுக்கு முடி நன்றாக வளர்ந்திருந்தது, வகிடு எடுத்திருந்தான்.

"என்னாண்ணே கோலம் இது?"

"வெட்ட ஆள் இல்லைப்பா."

"நான் வெட்டவா? அப்பாகிட்ட சின்ன வயசுல கொஞ்சம் பழகினேன். இப்ப தோட்ட வேலை பார்த்துப் பார்த்து கை மறந்திருக்கும்."

உன் நாற்காலியின் மேலிருந்த துணியை நானே எடுத்தேன். செவ்வாய்தோறும் நான் உட்காரும் இடம்தானே, உட்கார்ந்தேன். அவன் பயந்து பயந்து துணியைக் கட்டினான். "எப்படி வெட்டணும்ண்ணே?" என்றான்.

"எல்லாத்தையும் எடுத்துடு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொல்லிவிட்டது.

"இன்னைக்குச் செவ்வாக்கெழமைண்ணே."

"தெரியும்."

"கருமாதி முடிஞ்சு மாசக்கணக்காச்சு. இப்போ மொட்டை போட்டா யாருக்குன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

அவன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்படியே உன் முகம்தான், அதுவரை நான் கவனித்ததில்லை. பிறகு தண்ணீரை எடுத்து என் தலையில் ஊற்றினான். இரண்டு மூன்று இடத்தில் கத்தி பட்டு எரிந்தது. எரிச்சல் தெரிந்ததே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தழும்பின் மேல் வந்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு மேலே போனான். முடித்ததும் அவனுக்குக் காசு கொடுக்க நான் கையை நீட்டவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "வரேண்ணே" என்று போனான்.

இன்று காலை ராவுத்தர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, தண்ணிமலை முருகனுக்கு வேண்டுதலா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

மத்தியானம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் வந்தார். இதற்கு முன் பார்த்ததில்லை. என் நாற்காலியில் ஒருவர் பாதி வெட்டில் இருந்ததால், துணி இல்லாமல் இருந்த உன் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். எழச் சொல்லவில்லை. கையிலிருந்த வேலையை முடித்து அந்த ஆளை அனுப்பிவிட்டு அவரிடம் வந்தேன். கேள்வி நுனிநாக்குவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த நிற்பது ஒன்றுதான். இதையே இனி எல்லாரிடமும் செய்வேன் என்று நினைக்கிறேன்.

அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தனம் பூசலையே" என்றார். "வீட்டுல யாரும் தவறிட்டாங்களாண்ணே?"

நீ போனதிலிருந்து இதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க ஒரு உறவுமுறை வேண்டுமல்லவா. ஊரிலுள்ள எல்லாக் கதையும் பேசுகிற நான், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆமா" என்றேன். "எங்க வீட்டு ஆளு."

"கூடப் பொறந்தவரா?"

"ஆமா."

வெட்டலாம் என்று கத்தரியை எடுத்தேன். அதை மேசைமேல் வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே அழுதேன். கடைக்கதவு முழுதாகத் திறந்திருந்தது, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.

"மெதுவா வெட்டுங்கண்ணே. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.