தூக்கி, இடித்து, உதைக்க வேண்டிய கதவு

மாரிகுப்பம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் ஜெனிட்டா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் உன் முழங்காலும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்ததும் சாப்பிடாமலே படுத்துவிடுகிறாய் என்று ரெபேக்கா ஆன்ட்டி சொன்னார்கள், அப்படிச் செய்யாதே, ஒரு ரொட்டியாவது தின்றுவிட்டுப் படு. ஆன்ட்டி லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறார்கள், இந்தக் கடிதத்தை அவர்கள் கையில்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது, போன் அப்பாவுடையது, நாம் பேசும்போது அவர் பக்கத்திலேயே நிற்பார். இப்போது திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். சயின்ஸ் புத்தகத்துக்குள் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அப்பா அதே விடியற்காலை ரயிலில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார், பிரஷர் மாத்திரையை டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டி அனுப்புகிறேன், சில நாள் ஒட்டினபடியே திரும்பி வருகிறது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் எழுபத்தொன்று. குழம்பு நன்றாகவே வருகிறது. குளியலறைக் கதவு மட்டும் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது, கார்பென்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனாயே, இரண்டு வருஷமாக அப்பா “வர்ற ஞாயித்துக்கெழம” என்கிறார். இன்றைக்கும் கைப்பிடியைத் தூக்கி, தோளால் இடித்து, கீழே ஒரு உதை விட்டால்தான் திறக்கிறது. அப்பா உதைத்துவிட்டு, “தொறந்துக்க தாயி, ரயிலு போயிடும்” என்று கதவைக் கெஞ்சுவாரே, அதுவும் அப்படியேதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாதே. கிறிஸ்துமஸுக்கு எட்மண்ட் மாமா சர்ச் ஹாலில் ஒரு சிரிப்பு நாடகம் போடுகிறார், நம் சபைக்காரர்கள்தான் என்றில்லை, சுரங்கக் கேம்ப்பில் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். பத்தாவது முடிகிற வரைக்கும் நாடகம் கீடகம் என்று அந்தப் பக்கமே போகக் கூடாது என்று அப்பா சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். நான் போகவில்லை அம்மா. ஆனால் அந்த நாடகத்தை எழுதியது நான்தான். பேர் போடக் கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன், அவர் டைப் அடித்து நகல் எடுத்துவிட்டார். கதையில் ஞானமுத்து என்று ஒருவர், மனைவி வெளிநாட்டில், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளையின் அப்பா குளியலறைக்குள் மாட்டிக்கொள்கிறார், கதவைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் ஞானமுத்து, அவர் போண்டா வாங்கப் போய்விட்டார். ஞானமுத்து யாரென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதும்போது தப்பாகவே தோன்றவில்லை, நீ போனபின் வீட்டில் சிரிப்பே இல்லை, இதை எழுதிய நாட்களில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் ஆடிஷன். அப்பாவோடு ரயிலில் போகிற சின்னசாமி மாமா நடிக்கிறேன் என்று வந்திருந்தார், அவர் “நீயும் வா ஜோஸு, சும்மா உக்காந்து சிரி” என்று அப்பாவையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் பின்னாலேயே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சண்டே ஸ்கூல் கரும்பலகையை இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்தார்கள், அதுதான் கதவு. முதலில் சின்னசாமி மாமா. அவர் உதைத்த உதையில் பலகை பிடித்திருந்தவர்கள் இரண்டு பேரும் விழுந்தார்கள். “யோவ், இது கதவா, உன் மாமியாரா?” என்று எட்மண்ட் மாமா கத்தினார். அப்புறம் வின்னி, அவன் ஜிம்முக்குப் போகிறவன், கதவைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்தே இடித்தான். இப்படி ஏழு பேர், ஒருத்தர் செய்ததிலும் சிரிப்பு வரவில்லை. என் நாடகம் செத்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது அப்பா எழுந்தார். “இன்னாய்யா இது, உங்க வூட்ல கதவே இல்லியா? மொதல்ல தூக்கணும்யா” என்று சொல்லிக்கொண்டே போய்த் தூக்கினார், தோளைக் கொடுத்தார், உதைத்தார், எட்மண்ட் மாமா கையில் திணித்த வசனத் தாளைப் பார்க்காமலே “தொறந்துக்க தாயி, ரயிலு போயிடும்” என்றார். ஹாலே அதிர்ந்தது அம்மா. ஜாய் டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எட்மண்ட் மாமா “ஞானமுத்து கெடச்சிட்டான்!” என்று கையைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் சின்னசாமி மாமா எழுந்து, “டேய், இது உன் வூட்டுக் கதவுடா! போன வருசம் நான் உள்ள மாட்டிக்கினேனே!” என்றார்.

அப்பாவின் முகம் மாறியது. கையிலிருந்த தாளை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஊர் சிரிக்க வைத்துவிட்டேன் என்று மனசு உடைந்துவிட்டதோ, நாடகமே வேண்டாம் என்று எட்மண்ட் மாமாவிடம் சொல்லிவிடுவாரோ, இனி நான் எழுதவே கூடாது என்பாரோ என்று பயந்துகொண்டே பின்னால் நடந்தேன்.

சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். “கடேசில பொண்டாட்டி போன் பண்றப்போ, ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஞானமுத்து பட்னு வெச்சிடறானே, ஏன்?” என்றார். எழுதினவங்களைத்தான் கேட்கணும் என்றேன். “அப்போ அவங்ககிட்ட சொல்லு. கதவெல்லாம் கரெக்டா எழுதிக்கீறாங்க. இது ஒண்ணு தெரில. நேரமாச்சுன்னு இல்ல, கொரல் ஒடைஞ்சிடும்னு வெக்கறான். நாடகத்துலயாவது அவன் வெக்கக் கூடாது, அவ வெக்கற வரைக்கும் புடிச்சிக்கினு நிக்கணும்” என்றார். தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அம்மா, மேலே உள்ள வரிக்கும் இந்த வரிக்கும் நடுவில் ஒன்று நடந்துவிட்டது. அப்பா எழுந்து குளியலறைக்குப் போனார். கதவு திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது. வயிறு சரியில்லையோ என்று காது கொடுத்தேன். “தொறந்துக்க தாயி” என்று ஒருமுறை கெஞ்சுகிற குரலில், ஒருமுறை மிரட்டுகிற குரலில், ஒருமுறை ராகம் போட்டு. பிறகு அவராகவே சிரித்தார். மெதுவாகத்தான், ஆனால் சிரித்தார். திரும்பி வரும்போது திரைக்கு வெளியே நின்று, “ஜெனி, சயின்ஸ் போதும், லைட்ட அணை. நாளிக்கி ராத்திரி எனக்கு வசனம் எடுத்துக் குடுக்கணும். அந்த போன் சீன மாத்தி எழுது, பரீச்சைக்குப் படிச்ச பெறகு” என்றார். எழுது என்றார் அம்மா, என்னிடம்தான்.

என் தலைமேல் கை வைத்ததாக நினைத்து அங்கிருந்தே ஆசீர்வதி, கர்த்தர் உன் காலுக்கும் பலம் தரட்டும். வருகிற ஞாயிறு அப்பா போனில் வந்தால், பேச்சு வராமல் நின்றாலும் நீ அவசரப்பட்டு வைத்துவிடாதே. இன்னொன்று, கதவைப் பற்றி மட்டும் கேட்காதே. கிறிஸ்துமஸ் வரைக்கும் அது ரிப்பேர் ஆகக் கூடாது, ஒத்திகைக்கு வேண்டும்.

உன் முத்தங்களுக்குக் காத்திருக்கும் மகள்,
ஜெ. ஜெனிட்டா