மிராசு விஷயம் முடிவாகிவிட்டது, மாமா

என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய மாமா,

மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் நின்று பேசினால், அத்தை பின்னாலேயே வந்து "யாருகிட்ட பேசுற?" என்று கேட்கிறார். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். உங்கள் நாயைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. நடந்தது இதுதான் என்று யாராவது சொல்லத்தானே வேண்டும்?

முதலில் வீட்டுச் சேதி. அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்குள் இல்லை. உங்கள் மகன் செந்தில் வயலை ஒழுங்காகத்தான் பார்த்துக்கொள்கிறார். வாய்க்கால் சண்டைக்கு மட்டும் இன்னும் என்னைத்தான் முன்னால் அனுப்புகிறார். நான் வலங்கைமான் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே நர்ஸ் வேலையில்தான் இருக்கிறேன். குறுவைக்குப் பின் நட்ட தாளடி நன்றாக விளைந்தது. அந்த நெல்லில் ஒரு மூட்டைகூட நம் வீட்டில் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாய்க்கு மிராசு என்று பேர் வைத்தது நீங்கள். கூலி வேலை பார்த்த காலத்தில் யார் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றீர்களோ, அந்த மிராசுதாரின் பட்டத்தை நாய்க்கு வைத்து, "மிராசு, வாடா சோத்துக்கு" என்று தெரு கேட்கக் கூப்பிடுவதில் உங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வீட்டுப் பிள்ளை சென்னையிலிருந்து வந்து, "நாய்க்கு என்ன பேருங்க?" என்று கேட்டபோது மட்டும் "மணி" என்று சொல்லிவிட்டீர்கள். அவரும் "மணி, மணி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அது காதைக்கூட அசைக்கவில்லை. நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

நீங்கள் போன அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. கூடத்தில் உங்களைக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கும் ஒரு படி நெல்லும் வைத்திருந்தோம். படி சாய்ந்திருக்கிறது என்று உங்கள் தம்பி அதை நிமிர்த்தி, கீழே சிந்திய நெல்லை அள்ளிப் போட்டார். பெஞ்சுக்கடியில் கிடந்த மிராசு ஒரே பாய்ச்சல். அவர் மணிக்கட்டில் பல் இறங்கிவிட்டது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "எஜமானைத் தொட விடமாட்டேங்குது பாருங்க, என்ன பாசம்!" பெண்கள் எல்லாரும் நாயைப் பார்த்து அழுதார்கள். யாரோ அதைப் படம் எடுத்து 'விசுவாசம்' என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தார்கள். கடி வாங்கிய மனுஷன் ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கிறார், அவரை ஏறிட்டுப் பார்க்க ஆள் இல்லை. நான்தான் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். மாமனார் கிடக்கும்போது சோப்பைத் தேடுகிற மருமகள் என்று அதற்கும் ஒரு பேச்சு. பேசட்டும், எனக்கென்ன.

அடுத்தது, விதை நெல் பார்க்க வந்த ஆள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். மிராசு பிடித்துக்கொண்டது. புது ஆள் என்பதால் கடித்துவிட்டது என்று செந்தில் சொன்னார், நானும் நம்பினேன். மறுபடியும் சோப்பு, மறுபடியும் ஊசி. நம் வீட்டு நாய் கடிக்க, நான் ஊசி போட என்று ஒரு குடும்பத் தொழிலாகவே ஆகிவிட்டது.

மூன்றாவது மல்லிகா அக்கா. எதிர்வீடு. வருஷா வருஷம் நம் வயலுக்கு நடவு ஆட்களைக் கூட்டி வருகிறவர். மிராசு குட்டியாக இருந்ததிலிருந்து மீன் தலையை எறிந்து எறிந்து வளர்த்தவர். புரட்டாசி மழையில் நம் குறுவை நெல் களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஈர நெல் புழுங்கிச் சூடேறிவிட்டதா என்று பார்க்க, அக்கா குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். நல்ல மனசோடு செய்த காரியம். மிராசு அந்தக் கையைப் பிடித்து உலுக்கியது. செந்தில் கட்டையால் அடித்துத்தான் விடுவிக்க முடிந்தது.

புது ஆளும் இல்லை, உங்கள் உடம்பும் அங்கே இல்லை. அப்புறம் என்ன பாசம்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேரும் செய்தது ஒரே காரியம். நெல்லில் கை வைத்தார்கள்.

கொள்முதல் நிலையத்தில் நம் நெல் நாள்கணக்கில் காத்துக் கிடக்குமே, அங்கே நீங்கள் விளையாட்டாகப் பழக்கியது இது. இந்தச் சீமையில் நெல் குவியலைத் தாண்டிப் போகிற எவனும் சும்மா போகமாட்டான். ஒரு பிடி அள்ளுவான், உள்ளங்கையில் தேய்ப்பான், ஊதுவான், ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பான், மிச்சத்தைக் குவியலில் போடுவான். சிலர் கோழிக்கு ஆகும் என்று மடியில் போட்டுக்கொள்வார்கள். உங்களுக்கு அது ஆகவே ஆகாது. மிராசைக் குவியல்மேல் படுக்க வைத்து, யாராவது கையை விட்டால் மெதுவாக ஒரு சத்தம் கொடுப்பீர்கள். அது போய்க் கவ்வும்; போகப்போக அந்தச் சத்தம்கூடத் தேவைப்படவில்லை. உடனே "விடுறா" என்பீர்கள். விட்டுவிடும். அதற்கு ஒரு பொறை பிஸ்கட்டு. சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கவ்வச் சொல்லிக் கொடுத்தீர்கள், சரி. "விடுறா" என்று சொல்ல வீட்டில் இன்னொரு ஆளைப் பழக்கியிருக்கக் கூடாதா மாமா? நீங்கள் என்ன, நூறு வருஷம் இருக்கப் போகிறேன் என்று நினைத்தீர்களா?

மல்லிகா அக்காவின் காயம் ஆழம். பெரியாஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தைப் போட வைத்துக் கூட்டி வந்தேன். மற்ற தவணைகளை என் கையால் போட்டேன். நம் நாய்க்கு வருஷா வருஷம் வெறிநாய் ஊசி போடுவதால் கொஞ்சம் தைரியம் இருந்தது. "நாய்க்கு எதுக்கும்மா ஊசி" என்று அதற்கும் முனகியவர்தானே நீங்கள்? இருந்தாலும் பத்து நாள் அதைக் கட்டிவைத்துக் கண்காணித்தோம். அதற்கு ஒன்றுமில்லை. அக்காவுக்குத்தான் வலது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்கவில்லை. நாற்றுப் பிடிக்கிற விரல்கள்.

கடைசி ஊசியன்று அக்கா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "தேனு, நாயி கடிச்சதுகூட எனக்குப் பெருசில்ல. ஆனா பாக்க வந்தவங்க எல்லாம் 'பாவம், பெரியவர் நெனப்புல கடிச்சிருச்சு'ன்னு நாய்க்குப் பரிஞ்சாங்களே, அதான் எரியுது. என் கைக்கு யாருடி பாவம் பாத்தது?"

"நாயை என்ன செய்யலாம்க்கா? நீங்க சொல்லுங்க" என்றேன்.

"கொல்லச் சொன்னேன்னு வை, மல்லிகாவாலதான் அந்த நாயி செத்துச்சுன்னு காலத்துக்கும் என்னைச் சொல்லும் ஊரு. அந்தப் பேரு எனக்கு வேணாம். ஆனா நெல்லும் நாயும் ஒரே வூட்ல இருக்கிற வரைக்கும் நான் உங்க வயல்ல கால் வைக்க மாட்டேன். என் ஆளுங்களும் வரமாட்டாங்க."

தாளடி நடவுக்கு நாற்று தயாராக நின்றது. வேறு ஆளைத் தேடினால், அவர்கள் மட்டும் கடி வாங்கலாமா?

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஆத்துக்கு அக்கரையில கொண்டுபோய் விட்டுடலாம்" என்றார் செந்தில். "அக்கரையில இருக்கிறவங்களுக்குக் கை இல்லையாங்க?" என்றேன். அங்கே மட்டும் நெல் இல்லாமல் வேறென்ன விளைகிறது? அவருடைய சிநேகிதர் ஒருவர் கறியில் மருந்து வைத்துவிடலாம் என்று குசுகுசுத்தார். அது என் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அந்த மனுஷன் இன்னும் நம் தெருப்பக்கம் வரவில்லை. வேதாரண்யத்திலிருந்து என் தம்பி, உப்பளத்துக் காவலுக்குத் தா என்று கேட்டான். உப்பும் குவியல்தானே மாமா? அங்கேயும் அள்ளிப் பார்க்கிற கைகள் இருக்குமே. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனேன். "இதுக்கு வெறியும் இல்ல, நோயும் இல்ல சிஸ்டர். சொல்லிக் கொடுத்த வேலைய செய்யுது. நிறுத்தச் சொல்ற ஆள்தான் இல்ல. இதை ஊசி போட்டுக் கொல்ல என்னால ஆகாது. வாய்ப்பூட்டு மாட்டுங்க, கட்டிப்போடுங்க, நெல்லைக் கண்ணுல காட்டாதீங்க" என்றார். தஞ்சாவூர்ச் சீமையில் இருந்துகொண்டு நெல்லைக் கண்ணில் காட்டாமல் ஒரு நாயை எப்படி வளர்ப்பதாம்?

'அப்படியென்றால் நெல்லை வெளியே வைத்தால் என்ன?' என்று வீட்டில் கேட்டேன். அத்தை ஆடித் தீர்த்துவிட்டார். "கூலி நெல்லை முந்தானையில முடிஞ்சுட்டு வந்தவ நான். மூட்டை மூட்டையா இந்த வூட்டுக்குள்ள நெல்லு வந்தது அந்த மனுஷன் சம்பாத்தியத்துலதான். அத வெளிய போடச் சொல்றியா? நாயைத் தொலைச்சுக்கட்டு!"

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கொல்லையில் மிராசைச் சங்கிலியில் கட்டி, வாய்ப்பூட்டு மாட்டி, முறத்தில் நெல்லைக் கொட்டி நானே கையை வைத்தேன். தினமும் சோறு போடுகிற கை. பாய்ந்தது. பூட்டு என் மணிக்கட்டில் வந்து இடித்தது. "விடுறா" என்றேன். கேட்கவில்லை. உங்களைப் போலவே குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பின்னால் நின்ற அத்தை, "டேய் மிராசு, விடுறா" என்றார்.

அது நின்றது. எங்களைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, நீங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயலிலிருந்து வருகிற கொல்லைப் படல் கதவையே பார்த்தது. வாலை ஒருமுறை ஆட்டியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. யாரும் வரவில்லை. பிறகு திரும்பி மறுபடியும் என் கையைப் பிடிக்கப் பாய்ந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. அத்தை அழவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் தலைவாரி முடிந்துகொண்டு, "நான் மல்லிகா வூட்டுக்குப் போறேன், நீயும் வா" என்றார். எதிர்வீட்டு வாசலில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார்: "மல்லிகா, தப்பு எங்க தப்பு. பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடிக்கப் பழக்குனோம், கடிச்சிருச்சு. உன் கையப் பாத்துட்டும் நான் நாயைத்தான் பாவம்னு சொன்னேன். மனசுல வச்சுக்காத."

"இதச் சொல்ல இத்தன நாளா பெரியம்மா?" என்றார் அக்கா.

"அந்த நாயி வேற எங்க போவும்? அது கெடக்கட்டும். இனிமே எங்க நெல்லு எங்க வூட்டுக்கு வராது. உன் வூட்டு உள்ளறையில போட்டுக்கட்டுமா?"

அக்கா போய் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டு வந்தார். பிறகு, "போடுங்க. எலி தின்னா என்னைக் கேக்கக் கூடாது" என்றார். இருந்த குறுவை நெல்லை அன்றைக்கே மாற்றினோம். மறுநாள் காலையில் ஆட்களோடு நம் வயலில் இறங்கினார். அவரால் நடமுடியவில்லை. வரப்பில் நின்று மற்றவர்களை ஏவினார். அதில் உங்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை.

தை அறுவடையில் நம் நெல் கொள்முதல் நிலையத்தில் நாய் இல்லாமல்தான் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காவல் இருந்தேன். வந்தவன் போனவன் எல்லாம் கையை விட்டான். எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு பெரியவர் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, "நல்லாக் காஞ்சிருக்கும்மா" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குவியல் குறைந்த மாதிரி தெரியவில்லை மாமா. நீங்கள்தான் அநியாயத்துக்குப் பயந்திருக்கிறீர்கள்.

போன வாரம் மில்லுக்கு அனுப்ப நெல் எடுக்க மல்லிகா அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா மூட்டையை அவிழ்த்து, தழும்பு ஏறிய அந்தக் கையை முழங்கை வரை உள்ளே விட்டார். நான் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். மிராசு எதிரே நம் கொல்லையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மல்லிகா, உன் கோழிக்கு ரெண்டு கை எடுத்துக்க" என்றார் அத்தை. உங்கள் நெல்லிலிருந்து, உங்கள் பெண்டாட்டி.

"நீங்க சொல்லணுமாக்கும்? நான் அப்பலேருந்து எடுத்துக்கிட்டுதான் இருக்கேன் பெரியம்மா" என்றார் அக்கா. அத்தை சிரித்தார் மாமா. நீங்கள் போனதற்கப்புறம் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மிராசுக்கு இப்போது வயதாகிவிட்டது. சாயங்காலம் வாய்ப்பூட்டோடு வாய்க்கால் கரையில் நடத்திக்கொண்டு போகிறேன். திரும்பி வந்ததும் படலைப் பார்த்தபடி படுத்துக்கொள்கிறது. அது சாகும்வரை நான் சோறு போடுவேன், ஊசி போடுவேன். இன்னொரு கையில் அதன் பல் பட விடமாட்டேன். அது கடித்ததைப் பாசம் என்று என் காதுபடச் சொல்ல யாரையும் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

எதிர்வீட்டில் காவல் இல்லாமல் கிடக்கும் உங்கள் நெல்லுக்கும், உங்கள் நாய்க்கும் பொறுப்பான
உங்கள் மருமகள்
தேன்மொழி